பயமும் பணிவும்

"அடியாத மாடு படியாது" என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. மாட்டைக் கலந்து ஆலோசித்து இதை யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் மாட்டுக்காகச் சொன்ன பழமொழியை நாம் மாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வீட்டு வேலைக்காரன், புதிதாக வந்த மருமகள் என்று எத்தனையோ பேர் மீது அதைப் பிரயோகம் செய்து பார்த்திருக்கிறோம். நானும் அதை நம்பியவன்தான். என் தகப்பனார் அதை நம்பினார். அவருடைய நம்பிக்கையின் தழும்பு இன்னமும் என் இடது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. "அந்த அடிதான் என்னை மனிதனாக்கியது" என்று பல கூட்டங்களில் நான் பெருமையாகப் பேசியதுண்டு. கைதட்டலும் கிடைத்ததுண்டு.

அந்தப் பேச்சை இனிமேல் என்னால் பேச முடியாது. காரணம், ஒரு நாய்க்குட்டி.

போன வருஷம் ஐப்பசி மாதம், அடைமழை. கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் லாரியில் அடிபட்டு ஒரு தெரு நாய் இறந்துபோயிற்று. அது போட்டிருந்த குட்டிகளில் மூன்றை யார் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நாலாவது குட்டி சாக்கடை ஓரத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் பேத்தி அதைத் தன் மழைக்கோட்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ராத்திரிக்கு மட்டும், தாத்தா" என்றாள்.

"ராத்திரிக்கு மட்டும் என்று வந்தவர்கள் யார் திரும்பிப் போயிருக்கிறார்கள்?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு கிண்ணத்தில் பாலையும் ஊற்றினாள். ஆக, தீர்ப்பு அப்போதே எழுதப்பட்டுவிட்டது. நாய்க்கு மணி என்று பெயர் வைத்தோம். நம் ஊர்ப்பக்கம் நாய்க்கு வேறு பெயர் வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை அல்லவா?

மறுநாள் அதைக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் இளம் பெண்மணி. குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "ஆறு வாரம் இருக்கும். இன்னும் இரண்டு வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டிய குட்டி, ஐயா" என்றார். பசும்பால் வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும் என்றார். தினம் நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்குக்கும் மற்ற நோய்களுக்கும் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை ஊசி, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி நோய்க்கு ஊசி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார்:

"தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வெளியே ஒன்றுக்குப் போனால் அந்த நிமிஷமே தட்டிக் கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் சத்தம் போடாமல் துடைத்துவிடுங்கள். எத்தனை மாதக் குட்டியோ அத்தனை மணி நேரம்தான் அதால் அடக்க முடியும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் தப்பு நம்முடையது."

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் தலையாட்டுவதற்கும் கேட்டுக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாலே நாளில் பொறுமை போய்விட்டது. பூஜை அறை வாசலில் ஈரம், ஈஸிசேருக்கு அடியில் ஈரம், என் செருப்பில் ஈரம். என் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒரு யோசனை சொன்னார். "பத்திரிகையைச் சுருட்டி மூக்கிலே ஒன்று போடும். வலிக்காது, சத்தம்தான். ஒரே வாரத்தில் படிந்துவிடும்."

அப்படியே செய்தேன். அவர் சொன்னது பலித்தது. ஒரே வாரத்தில் கூடம் சுத்தமாகிவிட்டது. வெற்றி என்று நினைத்தேன். இன்னும் நாலு நாள் கழித்து ஒரு வாடை வந்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தோம். மணி அந்த ஒரு வாரமும் பீரோவுக்குப் பின்னால் போயிருந்தது! வீட்டுக்குள் அசுத்தம் செய்யக் கூடாது என்று அது கற்றுக்கொள்ளவில்லை. என் கண்ணில் படும்படி செய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தது. நான் நடத்திய பாடத்தை அது சரியாகத்தான் படித்திருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். காலையில் நான் பத்திரிகையைப் பிரித்தால் போதும், மணி ஓடிப்போய் மேஜைக்கு அடியில் பதுங்கும். நான் தலையங்கம் படிக்கப் பிரிக்கிறேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், தம்முடைய நாய்களிடம் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஒரு சத்தத்துக்குப் பிறகு உணவு வரும் என்று பழகிவிட்டால், சத்தத்தைக் கேட்டவுடனேயே அவற்றின் வாயில் எச்சில் ஊறியது. அவர் சத்தத்தையும் சோற்றையும் முடிச்சுப் போட்டார். நான் காகிதத்தின் சரசரப்பையும் அடியையும் முடிச்சுப் போட்டிருந்தேன். ஆராய்ச்சி ஒன்றுதான், என்னுடையதற்குப் பரிசு கிடைக்காது.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு மழை நாள். நான் இன்றைக்கும் பேனாவால் எழுதுகிறவன். ஒரு தொடர்கதையின் அத்தியாயத்தை எழுதி மேஜை மேல் வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அறையெங்கும் காகிதங்கள். சில நனைந்திருந்தன, சில கிழிந்திருந்தன, நாலைந்து பக்கத்தைக் காணவே காணோம். அவற்றின் நடுவில் மணி.

"யார் செய்தது இதை?" என்று கத்தினேன்.

கேள்விக்குப் பதில் சொல்வது போல மணி காதை மடக்கிற்று. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டது. கண்ணை வேறு பக்கம் திருப்பி, உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒன்றுக்கும் போய்விட்டது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? குற்றவாளி தானே ஒப்புக்கொண்டு நிற்கிறானே! பத்திரிகையைச் சுருட்டினேன். அன்றைக்கு அடித்தது சத்தத்துக்காக மட்டும் அல்ல. என் பேத்தி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் மழை விட்டது. கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியிலிருந்து ஓடும் வாய்க்காலில், வாழை மரத்தடியில், நாலைந்து காகிதக் கப்பல்கள் தட்டி நின்றிருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். மை கரைந்து போயிருந்தாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

பேத்தியைக் கூப்பிடாமல் என் மனைவியிடம் சொன்னேன். அவள் குழந்தையிடம் விசாரித்துவிட்டு வந்தாள். நிறைய அடித்தும் திருத்தியும் இருந்ததால் வேண்டாத காகிதம் என்று குழந்தை நினைத்தாளாம். (என் எழுத்தைப் பற்றி அப்படி அபிப்பிராயப்பட்டவர்கள் பெரியவர்களிலும் உண்டு.) எடுத்த அவசரத்தில் மற்றவை கீழே விழுந்தனவாம், ஜன்னலில் சாரல் அடித்து நனைந்தனவாம், மணி விளையாட்டாக ஒன்றிரண்டைக் கடித்ததாம்.

"நான் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே. வாயில்லா ஜீவன் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறாளே!" என்றேன்.

"நீங்கள் கேட்ட குரலுக்கு, நானே செய்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் என் மனைவி.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என்னை உறுத்தியது, ஒரு நாயை அநியாயமாக அடித்துவிட்டோம் என்பது மட்டும் அல்ல. என் வீட்டில் இரண்டு ஜீவன்கள் எனக்குப் பயந்தன. அந்தப் பயம் குற்றம் செய்யாத ஒன்றைக் குற்றவாளி போல் நிற்க வைத்தது. குற்றம் செய்த மற்றொன்றை வாயை மூட வைத்தது. உண்மையைக் கண்டுபிடிக்க நான் கையாண்ட கருவி, உண்மை என் காதில் விழாதபடி செய்துவிட்டது. இப்படிப்பட்ட நீதிபதியை வேறெங்காவது கண்டால் நாவலாசிரியன் என்ற முறையில் நான் நாலு அத்தியாயம் கேலி செய்திருப்பேன்.

பிற்பாடு படித்தபோது தெரிந்தது, நான் மட்டும் இந்தத் தவற்றைச் செய்யவில்லை என்று. நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற அம்மையார் 14 நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2009இல் அதை வெளியிட்டார். ஒரு தின்பண்டத்தை வைத்து, "தின்னாதே" என்று நாயிடம் சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போக வேண்டும். அவர் திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று சில தடவை உண்மையையும் சில தடவை பொய்யையும் அவரிடம் சொன்னார்கள். 'குற்ற முகம்' என்று நாம் சொல்கிறோமே, அது தின்ற நாயிடம் அதிகமாகத் தோன்றவில்லை. திட்டு வாங்கிய நாயிடம் அதிகமாகத் தோன்றியது. இன்னும் விசேஷம், தின்னாமலிருந்து திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது தூக்கலாக இருந்தது. ஆகவே நாயின் முகத்தில் அன்று நான் வாசித்தது அதன் மனச்சாட்சியை அல்ல, என்னுடைய கோபத்தை. கண்ணாடியைப் பார்த்து, "நீதான் திருடன்" என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெர்மன் தத்துவஞானி காண்ட் மிருகங்களுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர்கள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மிருகத்திடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கடினமாகிவிடுவான், அதற்காகவாவது இரக்கம் வேண்டும் என்று போதித்தார். ஆங்கிலேயரான பெந்தம், 1789இல் வெளிவந்த நூலில் வேறு விதமாகக் கேட்டார். அதற்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பதல்ல விஷயம். அதற்கு வலிக்குமா என்பதே விஷயம் என்றார். என் அனுபவத்தில் காண்ட் சொன்னதும் சரிதான். நாயின் மேல் பழகிய குரல்தான் குழந்தையின் வாயை அடைத்தது. ஆனால் பேத்தி அந்த வீட்டில் இல்லாவிட்டால் அந்த அடி நியாயமாகியிருக்குமா? மூக்கில் விழுந்த அடி மணியுடைய மூக்கில்தானே விழுந்தது? அந்த வலிக்கு நான் மணிக்கே பதில் சொல்ல வேண்டும். பெந்தம் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

நம் நாட்டிலும் இதைச் சட்டமாக்க ஒருவர் பாடுபட்டார். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்யசபை உறுப்பினராக இருந்தபோது பிராணிகள் வதைத் தடைக்காக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே பிறகு அதை ஏற்றுச் செய்வதாகச் சொல்லி, 1960இல் சட்டம் பிறந்தது. வீணாக வலி உண்டாகும்படி ஒரு பிராணியை அடிப்பதும் உதைப்பதும் அதன்படி குற்றம். முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய் என்று வைத்தார்கள். தொகை குறைவு என்று சிலர் சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை, என் அறைக்குள் எந்தப் போலீஸ்காரர் வந்து பார்க்கப் போகிறார்? அபராதத்தை நானேதான் விதித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் என் தலைமையாசிரியர் சிநேகிதர் ஆட்சேபம் எழுப்பினார். "அப்படியானால் குட்டிக்கு வலியே தரக் கூடாதா? ஊசி போட்டீரே, அது வலிக்கவில்லையா? தெருவில் ஓடினால் சங்கிலியைப் பிடித்து இழுக்க மாட்டீரா?" என்றார்.

நல்ல கேள்வி. நான் வெகு நேரம் யோசித்தேன். வெறிநோய் அறிகுறி கண்ட பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்று சொல்லத்தக்க நோய். அதைத் தடுக்கும் ஊசி வலிக்கத்தான் செய்யும். தாயைக் கொன்ற அதே தெருமுனையில் லாரிகள் இன்னும் போகின்றன, சங்கிலி வேண்டியதுதான். ஆனால் ஊசி குத்திய அடுத்த நிமிஷம் மணி என் மடியில்தான் வந்து ஒளிந்தது. பத்திரிகையால் அடித்தபோது என்னிடமிருந்து ஒளிந்தது. வித்தியாசம் அங்கே இருக்கிறது. ஊசியின் வலி மணிக்காகப் பட்ட வலி. தேவைக்கு மேல் ஒரு துளியும் கிடையாது. என் அடி யாருக்காக? பாழான என் அத்தியாயத்துக்காக. கண்டிப்பு என்ற பெயரில் நாம் செய்வதில் எவ்வளவு அவர்களுக்காக, எவ்வளவு நம்முடைய ஆத்திரத்துக்காக என்று ஒரு கணக்கு எழுதிப் பார்த்தால் பல பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முகம் வெளிறிவிடும்.

அந்தக் கணக்கை நான் என் முழங்கால் தழும்பிலிருந்து தொடங்கினேன். அடுத்த வீட்டு மதிலேறி மாங்காய் பறித்ததற்காக அப்பா அடித்த அடி அது. அதற்குப் பிறகு நான் மாங்காய் பறிப்பதை நிறுத்தினேனா? இல்லை. மதிலை விட்டுவிட்டுக் கொல்லை வேலி வழியாகப் போனேன். மணியாவது பீரோவுக்குப் பின்னால் போயிற்று. நான் வேலிக்குப் பின்னால் போனேன், அவ்வளவுதான். அப்படியானால் என்னை மனிதனாக்கியது எது? அப்பா கடன் வாங்கினால் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பார். கொடுத்த வாக்கு நஷ்டமானாலும் மாற மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்தேன். நான் ஏதாவது உருப்பட்டிருந்தால் அதனால்தான். இத்தனை வருஷமாக அந்த வரவை அடியின் பேரில் எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, அடியை விட்டு அன்பால் பழக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படி முடித்துவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் உண்மை முடியாது. லைக்கா என்ற நாயின் நினைவு வருகிறது. மாஸ்கோ தெருக்களில் திரிந்த நாய் அது. மணியின் ஜாதி என்றே சொல்லலாம். அதைச் சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே போகும் கூண்டுகளில் இருக்கப் பழக்கினார்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, விஞ்ஞானிகளில் ஒருவரான யாஸ்தோவ்ஸ்கி அதைத் தம் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தம் குழந்தைகளோடு விளையாட விட்டார். 1957 நவம்பர் 3ஆம் தேதி ஸ்புட்னிக் இரண்டில் அதை வானத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வர வழி செய்யப்படவில்லை. பல நாள் உயிரோடு இருந்தது என்று உலகம் நம்பியது. சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்துவிட்டது என்று 2002இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் பணியில் இருந்த கஸென்கோ, 1998இல், முதுமையில், அதற்காக வருந்திப் பேசினார்.

லைக்காவை ஏற்றி அனுப்பியவர்களில் அதன்மேல் பிரியம் வைத்தவரும் இருந்தார். அதனால் லைக்கா தப்பவில்லை. ஆகவே பிரம்பா, பிஸ்கோத்தா என்பதோடு பிரச்னை தீர்வதில்லை. பயத்தால் பணிய வைத்தவன் ஒரு அடிமையைப் பெறுகிறான். அன்பால் பணிய வைத்தவன் ஒரு கடனைப் பெறுகிறான். நம்மை நம்பி ஒரு ஜீவன் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வந்தால், அதை எங்கே அழைத்துப் போகிறோம் என்பதற்கு நாம்தான் பொறுப்பு. நம் பாரதக் கதையின் முடிவில் தருமபுத்திரரைப் பின்பற்றி ஒரு நாய் மலையேறி வருகிறது. தம்பிகளும் மனைவியும் வழியிலே விழுந்துவிட்டார்கள். சுவர்க்கத்து ரதம் வந்து நிற்கிறது; நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான் இந்திரன். அவர் மறுக்கிறார். அந்த நாய் தரும தேவதை என்று பிறகு தெரிகிறது. ஆனால் மறுத்தபோது அவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது, இது என்னை நம்பி வந்தது என்ற ஒன்றுதான்.

நான் தருமபுத்திரன் அல்ல. பழைய பிழையைத் திருத்தப் பார்க்கிற ஒரு கிழவன். டாக்டர் அம்மாள் சொன்னபடியே மறுபடியும் ஆரம்பித்தேன். தூங்கி எழுந்தால் வாசல், சாப்பிட்டால் வாசல், வெளியே போனால் ஒரு தட்டு, ஒரு துண்டு பிஸ்கோத்து. பனி கொட்டும் மார்கழி ராத்திரியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒரு நாய்க்குட்டி எப்போது மனது வைக்கும் என்று காத்து நின்றிருக்கிறேன். தை பிறப்பதற்குள் கூடமும் சுத்தம், பீரோவின் பின்புறமும் சுத்தம்.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் பத்திரிகை பிரியும் சத்தம் கேட்டால் மணி மேஜைக்கு அடியில் போய்விடுகிறது. நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையில் படிவது ஆழமாகப் படிகிறது என்று, அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு 1965இல் எழுதினார்கள். அந்த வாரங்களில்தான் நான் என் பாடத்தை நடத்தினேன். அதை அழிக்க என்னிடம் ரப்பர் இல்லை. இப்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறேன்.

போன வாரம் பேத்தி என் அறைக்கு வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, உங்கள் பேனாவை எடுத்து எழுதிப் பார்த்தேன். கீழே விழுந்து முள் வளைந்துவிட்டது. நான்தான்."

முப்பது வருஷமாக என்னோடு இருந்த பேனா. நெஞ்சுக்குள் ஏதோ கிளம்பியது. அது தொண்டைக்கு வருவதற்குள் விழுங்கிக்கொண்டு, "சரி, செருப்பைப் போட்டுக்கொண்டு வா. கடைக்குப் போய் முள் மாற்ற முடியுமா என்று கேட்போம்" என்றேன்.

என் குரல் உயரவில்லை என்று எனக்கே நிச்சயமில்லை. மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மணி சுவரோரத்தில், வெயில் விழுந்த இடத்தில், நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. காதைக்கூட அசைக்கவில்லை.